மூளையில நீர்க்கட்டின்னு ரிப்போர்ட் வந்திருக்கா? காரைக்குடி பக்கம் அடிக்கடி கேக்குற கேள்விகள்

காரைக்குடியில ஒரு ஸ்கேன் சென்டர்ல எம்ஆர்ஐ மெஷின் ஓட்டுறது என் வேலை. ரிப்போர்ட்ல "சிஸ்ட்"னு ஒரு வார்த்தையப் பாத்த உடனே தேவகோட்டை, புதுவயல், பள்ளத்தூர், கோட்டையூர்னு எல்லாப் பக்கத்து சனமும் மொதல்ல என்கிட்டதான் வந்து நிக்கும், டாக்டர் ரூமுக்குள்ள கேக்க கூச்சப்பட்டதையெல்லாம் என்கிட்ட கேக்கும். நான் டாக்டர் இல்ல, உங்களுக்கு இன்ன வைத்தியம்னு சொல்ற உரிமை எனக்கில்ல. ஆனா இந்தக் கட்டிங்க என்னென்ன வேஷம் கட்டிட்டு வரும்னு படத்துல பாக்குறவன், அதனால பொதுவா தெரிஞ்சத எழுதுறேன்.

மூளையில கட்டின்னாலே கேன்சர்தானங்க?

இல்ல. சிஸ்ட்ங்கிறது ஒரு பை, அவ்வளவுதான். உள்ள தண்ணி இருக்கலாம், சளி மாதிரி கொழகொழன்னு இருக்கலாம், எண்ணெப்பிசுக்கு இருக்கலாம், சிலதுல முடி கூட இருக்கும் (அதுக்குக் கீழ வரேன்). இதுல பெரும்பாலானது கருவுல கொழந்த உருவாகும்போதே ஏதோ ஒரு செல் எடம் மாறி மாட்டிக்கிட்டதால வர்றது, நீங்க சாப்பிட்டது குடிச்சதால வந்தது இல்ல, ஒடம்புல வேற எடத்துக்குப் பரவவும் பரவாது.

அப்ப ஏன் பயப்படணும்னா மண்டை ஓடு விரிஞ்சு குடுக்காது. வயித்துல எலுமிச்சம்பழ அளவு நீர்க்கட்டி இருந்தா வருசக்கணக்கா தெரியாம கூட இருக்கலாம், மூளைக்குள்ள சில எடத்துல ஒரு சென்டிமீட்டர் கட்டியே ஆள சாச்சிரும், வேற எடத்துல ஆறு சென்டிமீட்டர் கட்டிய வெச்சுக்கிட்டு ஒருத்தர் அறுபது வயசு வரைக்கும் ஜம்முனு யாவாரம் பண்ணிட்டிருப்பாரு. ரெண்டுமே நடக்குறதுதான்.

ரிப்போர்ட்ல எதப் பாக்கணும்? எல்லாம் இங்கிலீஷா இருக்கே

எல்லாரும் சைஸத்தான் பாக்குறாங்க. மொதல்ல பாக்க வேண்டியது கட்டி எங்க இருக்குங்கிறது. ரெண்டாவது, மூளைத்தண்ணி போற வழிய அது அடைக்குதா. நம்ம மூளைக்குள்ள ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட அரை லிட்டர் தண்ணி ஊறுது, ஆனா எந்த நேரத்துலயும் உள்ள இருக்குறது 150 மில்லி சொச்சம்தான், மிச்சம் ஓடி ரத்தத்துல கலந்துகிட்டே இருக்கணும், வழி அடைச்சா தண்ணி தேங்கி அறைங்க வீங்கிரும், ரிப்போர்ட்ல அத ஹைட்ரோகெஃபாலஸ்னு எழுதிருப்பாங்க. அந்த வார்த்தை இருந்தா அன்னைக்கே டாக்டரப் பாருங்க. மூணாவது விசயம் ரிப்போர்ட்ல இருக்காது: உங்க தொந்தரவுக்கும் அந்தக் கட்டி இருக்குற எடத்துக்கும் பொருத்தம் இருக்கான்னு பாக்குறது. அத உங்களத் தொட்டு, நடக்கவிட்டு, கண்ணுல டார்ச் அடிச்சுப் பாக்குற டாக்டர்தான் சொல்ல முடியும். என்னைக் கேட்டா இந்த மூணாவதுதான் எல்லாத்துலயும் முக்கியம், ஜனங்க இதத்தான் கடைசியா கேக்குறாங்க.

தலைவலிக்கு ஸ்கேன் எடுத்தேன், அராக்னாய்ட் சிஸ்ட்னு வந்திருக்கு. தலைவலிக்கு இதான் காரணமா?

பெரும்பாலும் இல்ல. அராக்னாய்ட் சிஸ்ட்ங்கிறது மூளைய மூடியிருக்குற மெல்லிசு சவ்வோட ரெண்டு மடிப்புக்கு நடுவுல தண்ணி தேங்கி நிக்குறது. பெரியவங்க நூறு பேர வரிசையா எம்ஆர்ஐ எடுத்தா ஒண்ணு ரெண்டு பேருக்கு இருக்கும், அவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு மேல அதால ஒரு தொந்தரவும் இருக்காது. ஆம்பளைங்களுக்குத்தான் ஜாஸ்தி, அதுலயும் எடது பக்கப் பொட்டுக்குப் பின்னாடிதான் அதிகம் பாக்குறோம். 1982ல கலாசின்னு ஒரு இத்தாலி டாக்டர் அந்த எடத்துக் கட்டிங்கள மூணு வகையா பிரிச்சு வெச்சாரு, ஒங்க ரிப்போர்ட்ல "கலாசி டைப் ஒண்ணு"ன்னு இருந்தா அது சின்னது, தொந்தரவு இல்லாத வகைன்னு அர்த்தம், மூணுன்னா பெருசு, மூளையத் தள்ளிட்டு நிக்குது.

தலைவலி ஊருல எல்லாருக்கும் வரும், கட்டியும் நூத்துல ஒருத்தருக்கு இருக்கும், ரெண்டும் ஒரே ஆளுக்கு இருந்தா ஒண்ணால ஒண்ணுன்னு சொல்லிற முடியாது. ஒத்தத்தலைவலி, கழுத்து பிடிப்பு, கண்ணாடி பவர், பிரஷர்னு மத்ததையெல்லாம் பாத்துட்டுதான் கட்டி மேல பழியப் போடணும். காலைல எந்திரிச்ச உடனே வாந்தியோட தலைவலி, வலிப்பு, கொழந்தைக்குத் தலை மட்டும் வேகமா பெருசாகுறது, ஒரு பக்கம் கை கால் வலுவிழக்குறது, இதெல்லாம் இருந்தா கதை வேற.

பையனுக்கு அந்தக் கட்டி இருக்கு, மஞ்சுவிரட்டுக்குப் போவேன்னு நிக்கிறான், விடலாமா?

சிராவயல் மஞ்சுவிரட்டு வந்தாலே இந்தக் கேள்வி வந்துரும். பொட்டுப் பக்கத்துக் கட்டிய ஒட்டி மெல்லிசு ரத்தக்குழாய்ங்க தாங்கல் இல்லாம போயிட்டிருக்கும், தலைல அடி பட்டா அது கசிஞ்சு மூளைக்கு மேல ரத்தமோ தண்ணியோ தேங்கலாம். தெனம் நடக்குறது இல்ல, அபூர்வம்தான், ஆனா நடக்கும். விசயம் என்னன்னா அடிபட்ட அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, எந்திரிச்சு மண்ணத் தட்டிட்டு வீட்டுக்கு வந்து கோழிக்கொழம்பு சோறு தின்னுட்டுப் படுத்துருவான், ரெண்டு மூணு வாரம் கழிச்சு தலைவலி, வாந்தி, தூக்கக்கலக்கம்னு வருவான், அதுக்குள்ள அடிபட்டதே வீட்டுல மறந்திருக்கும். அதனால கட்டி இருக்குற பிள்ளைக்குத் தலைல அடின்னா வாரக்கணக்குல கண்ணு வெச்சுப் பாருங்க, டாக்டர்கிட்ட "இவனுக்கு சிஸ்ட் இருக்கு"ன்னு மொதல் வார்த்தையா சொல்லுங்க.

கிரிக்கெட், ஓட்டம், சைக்கிள் எல்லாம் பெரும்பாலும் விடச் சொல்வாங்க. மாட்டுக்கு முன்னாடி நிக்குறது என் பிள்ளைன்னா நான் விடமாட்டேன், கட்டி இல்லாட்டியும் விடமாட்டேன்ங்கிறது தனி.

பழனிக்குப் பாதயாத்திரை நேர்ந்திருக்கோம், நடக்கலாமா?

தொந்தரவே இல்லாத கட்டின்னா நடையால அதுக்கு ஒண்ணும் ஆகாது. வலிப்பு மாத்திரை சாப்பிடுறவங்களுக்குத்தான் பிரச்சினை, ஏன்னா தைப்பூசத்துக்கு குன்றக்குடியில இருந்து கெளம்புற கூட்டம் வெயிலுக்குப் பயந்து ராத்திரியும் விடியக்காலையுமா நடக்கும், தூக்கம் கெட்டா வலிப்பு வர்ற வாய்ப்பு கூடும், அதோட வெரதம்னு சொல்லி மாத்திரையையும் நிறுத்திருவாங்க. மாத்திரைய வெரதத்துல சேக்காதீங்க, முருகன் கோவிச்சுக்க மாட்டாரு. தனியா நடக்காதீங்க, கூட வர்ற ஒருத்தருக்காவது விசயம் தெரிஞ்சிருக்கணும்.

ஊருணியில குளிக்குறதும் இதே கதைதான், வலிப்பு கட்டுக்குள்ள வர்ற வரைக்கும் தனியா எறங்காதீங்க.

கொழந்த தலைய ஆட்டிக்கிட்டே இருக்கு, பழக்கம்னு வீட்டுல சொல்றாங்க

பெரும்பாலும் பழக்கமாத்தான் இருக்கும். ஆனா ஒண்ணு இருக்கு, அபூர்வம், தெரிஞ்சு வெச்சுக்கோங்க. மூளைக்கு அடியில, பிட்யூட்டரி சுரப்பிக்கு மேல அராக்னாய்ட் சிஸ்ட் வளந்தா சில பிள்ளைங்க தஞ்சாவூர் தலையாட்டி பொம்மை மாதிரியே தலைய முன்னயும் பின்னயும் ஆட்டும், செகண்டுக்கு ரெண்டு மூணு தடவை. 1966ல இத மொதமொதல்ல எழுதுன டாக்டருங்களும் தலையாட்டுற பொம்மைன்னேதான் அந்த வியாதிக்குப் பேர் வெச்சாங்க. நடக்கும்போது ஜாஸ்தியாகும், தூங்கும்போது சுத்தமா நின்னுரும், "ஆட்டாதடா"ன்னு அதட்டுனா பிள்ளை கொஞ்ச நேரம் நிறுத்தவும் செய்யும். அதட்டுனா நிக்குதுல்ல, அப்ப சேட்டைதான்னு முடிவு பண்ணிர்றது இங்கதான். கூடவே தலை பெருசா இருந்தாலோ, நடை தள்ளாடுனாலோ, ஆறு ஏழு வயசுலயே வயசுக்கு வர்ற அறிகுறி தெரிஞ்சாலோ கண்டிப்பா படம் எடுக்கணும். எண்டோஸ்கோப் விட்டு கட்டிச் சுவத்துல ஓட்டை போட்டு தண்ணி வடிய வழி பண்ணுனா நெறையப் பிள்ளைங்களுக்குத் தலையாட்டம் கொறையும், வெரசா பண்ணுனா நல்லது.

குனிஞ்சா தலைவலி உயிர் போகுது, எந்திரிச்சா சரியாயிருது, சில நேரம் கால் மடங்கி விழுந்துர்றேன், ஆனா மயக்கம் இல்ல. இது என்ன?

இந்தக் கேள்விய சும்மா கேட்டுட்டுப் போயிறக் கூடாது. காரணம் பல இருக்கலாம், ஆனா டாக்டருங்க விட்டுறக் கூடாதுன்னு நெனைக்கிற ஒண்ணு கொலாய்ட் சிஸ்ட். மூளையோட மூணாவது அறையில, ரெண்டு பக்கத்துத் தண்ணியும் வந்து எறங்குற வாசல்ல, மோன்ரோ துவாரம்னு பேரு, அங்க உருண்டையா உக்காந்திருக்கும், உள்ள பசை மாதிரி சரக்கு. சிடி ஸ்கேன்லயே வெள்ளையா உருண்டையா தெரியும். சில சமயம் வாசல அடைச்சுக்கும், சில சமயம் விடும். அடைக்கும்போது மண்டை வெடிக்குற மாதிரி வலி, வாந்தி, விட்டா ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிரும், அதனாலயே கேஸ்னு நெனச்சு சோடா குடிச்சுட்டு இருக்குற ஆளுங்க உண்டு. நெனப்பு தெளிவா இருக்கும்போதே கால் திடீர்னு மடங்கி விழுறதும் இதுல உள்ளதுதான்.

1858லயே பிரேதப் பரிசோதனையில ஒருத்தர் கண்டுபிடிச்சு எழுதிட்டாரு, உயிரோட இருக்குற ஆளுக்கு எடுத்தது 1921ல வால்டர் டாண்டின்னு அமெரிக்க சர்ஜன். இருபதுலேர்ந்து அம்பது வயசுக்குள்ளதான் அதிகம் தெரிய வரும். வழிய முழுசா அடைச்சா சில மணி நேரத்துல உயிருக்கே ஆபத்து, அதனால ஒரு சென்டிமீட்டருக்கு மேல இருந்தாலோ தண்ணி தேங்க ஆரம்பிச்சிருந்தாலோ ஆபரேஷன்னுதான் சொல்வாங்க. ரொம்பச் சின்னதா, தொந்தரவு இல்லாம, தற்செயலா தெரிஞ்சதுன்னா மறு ஸ்கேன் எடுத்துப் பாத்துக்கிட்டு இருக்கலாம்னும் சொல்வாங்க. இன்னொண்ணு, இப்படி அடைப்பு இருக்குற நேரத்துல முதுகுல ஊசி போட்டு தண்ணி எடுக்குறது ஆபத்து, அதான் மொதல்ல ஸ்கேன் எடுத்துட்டு வாங்கன்னு டாக்டர் வெரட்டுறாரு, கமிசனுக்காக இல்ல.

ஆபரேஷனுக்கு நல்ல நாள் பாக்கலாமா?

தொந்தரவில்லாத கட்டின்னா தாராளமா பாருங்க, சர்ஜனே தேதி ரெண்டு மூணு தருவாரு. தண்ணி தேங்கிருச்சு, ஆளு தூங்கி வழியுறாருன்னா அஷ்டமி நவமி பாத்துக்கிட்டு இருக்காதீங்க. அப்பச்சி வரட்டும், பெரியவுக சிங்கப்பூர்லேர்ந்து வரட்டும்னும் இருக்காதீங்க, போன்ல சொல்லிட்டுக் கையெழுத்துப் போடுங்க.

பல்லு வலின்னு மூணு பல்லப் புடுங்கியாச்சு, வலி போகல

அந்தப் பக்கம் மூஞ்சியில கரண்ட் அடிக்குற மாதிரி விட்டு விட்டு இழுக்குதா, பல்லு வெளக்குனா, சாப்பிட வாயத் தொறந்தா, காத்து பட்டாக் கூட வருதா? அப்ப அது பல்லு இல்லாம நரம்பா இருக்கலாம். மூஞ்சிக்கு வர்ற அஞ்சாம் நரம்ப மூளைக்குள்ளயே ஏதாவது அழுத்துனா இப்படி வரும். வயசானவங்களுக்கு ரத்தக்குழாய் அழுத்துறதுதான் பொதுவா, ஆனா நாப்பதுக்குக் கீழ உள்ளவங்களுக்கு வந்தா ஒரு எம்ஆர்ஐ எடுத்து எபிடெர்மாய்ட் சிஸ்ட் மாதிரி எதுவும் இருக்கான்னு பாப்பாங்க.

இது தோல் செல்லு உள்ள மாட்டி, பொடுகு உதிர்ற மாதிரி உதிந்து உதிந்து சேர்ற கட்டி. ஆபரேஷன்ல தொறந்தா முத்து மாதிரி வெள்ளையா பளபளன்னு இருக்கும், 1829லயே குருவேய்யேங்கிற பிரெஞ்சு டாக்டர் முத்துக் கட்டின்னு எழுதிட்டாரு. வளர்றது ரொம்ப மெதுவா, அதனால இருக்குற எடுக்குல எல்லாம் புகுந்து நரம்புங்களச் சுத்திக்கும். ஒரு காது மட்டும் மந்தமாகுறது, ஒரு பக்கக் கன்னம் தானா துடிக்குறதுன்னும் இது வரும்.

என் வேலையில எனக்குப் பிடிச்ச எடம் இது. சாதாரணப் படத்துல அராக்னாய்டும் எபிடெர்மாய்டும் ரெண்டுமே தண்ணி மாதிரியேதான் தெரியும், ஒண்ணு சும்மா விடுறது, இன்னொண்ணு சர்ஜனப் பாக்க வேண்டியது. டிஃப்யூஷன்னு ரெண்டு நிமிசத்துக்குள்ள ஓடுற ஒரு வரிசை இருக்கு, அதுல அராக்னாய்ட் கறுப்பா போயிரும், எபிடெர்மாய்ட் ட்யூப்லைட் கணக்கா வெள்ளையா நிக்கும். சீக்கிரம் முடிங்கன்னு உள்ளேருந்து கைய ஆட்டுறவங்ககிட்ட இன்னும் ரெண்டே நிமிசம்னு நான் கெஞ்சுறது இதுக்குத்தான்.

பிள்ளைக்கு மொட்டை போட்டப்ப பின்மண்டை நடுவுல சின்னதா ஒரு குழி, அதுல ரெண்டு முடி. பரவாயில்லையா?

நாசுவர் கத்தி வெச்சு வழிக்கும்போதுதான் பல நேரம் இது கண்ணுல படும், அதுவரைக்கும் முடிக்குள்ள மறைஞ்சிருக்கும். நட்ட நடுவுல புள்ளிக் குழி, உள்ள முடி எட்டிப் பாக்குது, சில சமயம் ஈரமா கசியுதுன்னா கொழந்த டாக்டர்கிட்ட கட்டாயம் காட்டுங்க. அந்தக் குழி ஒரு மெல்லிசு குழாய்க்கு வாசலா இருக்கலாம், குழாயோட அந்தக் கடைசியில மண்டைக்குள்ள டெர்மாய்ட் சிஸ்ட் இருக்கலாம். மூக்குத் தண்டு மேலயும் இதே மாதிரி குழி வரும். கிருமி அந்த வழியா உள்ள போய் மூளைக்காய்ச்சல் திரும்பத் திரும்ப வரும், ஒவ்வொரு தடவையும் மருந்து குடுத்து சரி பண்ணி அனுப்புவாங்க, குழியப் பாக்குற வரைக்கும் காரணம் புடிபடாது. ஊக்கு வெச்சுக் குத்திப் பாக்காதீங்க, அமுக்காதீங்க, அதுல மருந்து எதையும் தடவாதீங்க.

டெர்மாய்ட்லதான் நான் சொன்ன முடி இருக்கும், எண்ணெக் கொழுப்பும் இருக்கும். அபூர்வமா உள்ளயே ஒடஞ்சுரும், அப்ப கொழுப்புச் சொட்டு மூளையச் சுத்தி அங்கிட்டும் இங்கிட்டுமா செதறி எம்ஆர்ஐல வெள்ளை வெள்ளையா புள்ளி வெச்ச மாதிரி தெரியும். ஆளுக்குத் திடீர்னு கடும் தலைவலி, வலிப்பு, கழுத்து வெறைப்புன்னு வரும், கிருமியே இல்லாத மூளைக்காய்ச்சல்.

கொழந்த பொறக்கவே இல்ல, மாசமும் நின்னுபோச்சு, மார்ல பால் வருது, இதுக்கு ஏன் தலையில ஸ்கேன் எடுக்கச் சொன்னாங்க?

பால் சுரக்க வைக்குற புரோலாக்டின் ஹார்மோன் பிட்யூட்டரியில இருந்து வருது. அது ஜாஸ்தியா இருந்தா அங்க என்னன்னு பாக்கணும். மாத்திரைங்களாலயும், தைராய்டாலயும், அதே சுரப்பியில வர்ற சின்ன ட்யூமராலயும் ஏறும், சில பேருக்கு ராத்கே சிஸ்ட்ங்கிற நீர்க்கட்டி பிட்யூட்டரிய மூளையோட சேக்குற காம்ப அழுத்துறதால ஏறும். வேற காரணத்துல இறந்தவங்கள சோதிச்சப்பவே பத்துல ஒருத்தருக்காவது இந்தக் கட்டி சின்னதா இருந்திருக்கு, அதனால இருக்குறதே வியாதி இல்ல.

பெருசானா கண்ணு நரம்ப அழுத்தும். நேரா பாக்குறது நல்லாத் தெரியும், ரெண்டு ஓரமும் தெரியாது. பைக்ல போறவரு பக்கத்துல வந்த ஆட்டோவக் கவனிக்காம இடிச்சுட்டு, ஆட்டோக்காரன்தான் திடீர்னு வந்தான்னு சண்டை போடுவாரு. கண்ணாடி மாத்தி மாத்திப் போட்டும் சரியாகலன்னா, மதுரையில கண் ஆஸ்பத்திரியில ஃபீல்டு டெஸ்ட்னு ஒண்ணு எடுப்பாங்க, அதுல புடிபடும். ராத்திரியில பத்து தடவை ஒண்ணுக்கு, தாங்க முடியாத தண்ணித் தாகம், ஆனா சுகர் நார்மல்னா அதுவும் இந்தச் சுரப்பி பக்கம் பாக்க வேண்டிய அறிகுறிதான்.

பீனியல் சிஸ்ட்னு வந்திருக்கு, அது நெத்திக்கண்ணு இருக்குற எடமாமே?

யூட்யூப்ல பாத்திருப்பீங்க. பீனியல்ங்கிறது தூக்கத்துக்கான மெலடோனின் சுரக்குற சின்னச் சுரப்பி, அதுல நீர்க்கட்டி சர்வ சாதாரணம், இளவயசுப் பொண்ணுங்களுக்குக் கொஞ்சம் கூட. ஒரு சென்டிமீட்டருக்குள்ள, வழவழன்னு இருந்தா பெரும்பாலும் திரும்ப ஸ்கேனே வேணாம்னுருவாங்க. கண்ண மேல உருட்ட முடியல, ரெட்டை ரெட்டையா தெரியுதுன்னா மட்டும் சொல்லுங்க. தியானம் பண்ணி அது பெருசாகாது, சின்னதாகவும் ஆகாது.

அஞ்சாம் மாச ஸ்கேன்ல கொழந்தையோட மூளையில கட்டின்னுட்டாங்க, சோறே எறங்கல

கோராய்டு ப்ளெக்சஸ் சிஸ்ட்னு எழுதிருக்கான்னு பாருங்க. 18லேர்ந்து 22 வாரத்துக்குள்ள எடுக்குற ஸ்கேன்ல நூத்துல ஒண்ணு ரெண்டு கொழந்தைக்கு இது தெரியும், பெரும்பாலும் 28 வாரத்துக்குள்ள தானா மறைஞ்சுரும், பிள்ளையோட அறிவுக்கும் வளர்ச்சிக்கும் ஒண்ணும் ஆகாது. டாக்டர் கவனிக்குறது இது மட்டும் தனியா இருக்கா, இல்ல இருதயத்துல குறை, கை வெரல் மடங்கியே இருக்குறது மாதிரி வேற எதுவும் கூட இருக்கான்னுதான், ஏன்னா ட்ரைசமி 18ங்கிற குரோமோசோம் குறைபாட்டுல இதெல்லாம் சேந்து வரும். வேற ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா மாமியார்கிட்ட ரிப்போர்ட்டக் காட்டாம நிம்மதியா சாப்பிடுங்க.

எனக்கு ஏற்கனவே கர்ப்பப்பையில நீர்க்கட்டி, அது மூளைக்கு ஏறிருச்சா?

இல்லவே இல்ல. ரெண்டுக்கும் சம்பந்தம் கெடையாது.

வலிப்பு வந்துச்சு, கோடாங்கிகிட்ட கூட்டிட்டுப் போனோம், அப்புறம் ஸ்கேன்ல மூளையில புழுக்கட்டின்னு சொல்றாங்க. நாங்க பன்னியே திங்க மாட்டோமே?

கோடாங்கி பாக்குறதுல எனக்குச் சண்டை இல்ல, உடுக்கை அடிக்குற நேரத்துக்குள்ள மறுபடி வலிப்பு வந்தா என்ன செய்வீங்கங்கிறதுதான் கேள்வி. இப்ப விசயத்துக்கு. இது மேல சொன்ன பொறவிக் கட்டி வகையே இல்ல, நாடாப்புழு முட்டையால வர்றது, நம்ம நாட்டுல வலிப்புக்கு முக்கியமான காரணம். சரியா வேகாத பன்னிக்கறி தின்னவருக்குக் கொடல்ல நாடாப்புழு வரும். அந்த ஆளு திறந்தவெளியில வெளிய போக, அதுல இருக்குற முட்டை தண்ணியிலயும் கொத்தமல்லி, கேரட், வெள்ளரிக்காயிலயும் ஒட்டிக்கிட்டு இன்னொருத்தர் வாய்க்குப் போனா அவருக்குத்தான் மூளையில கட்டி வரும். அதனால சுத்த சைவத்துக்கும் வரும். பச்சையா திங்குறதக் கழுவித் தின்னுங்க, வீட்டுல சமைக்குற ஆளு கையச் சோப்பு போட்டுக் கழுவட்டும்.

ஒரு காலத்துல இந்தச் சின்ன வளையம் மாதிரி தெரியுறத டிபின்னு நெனச்சு மாசக்கணக்கா டிபி மாத்திரை குடுத்திட்டிருந்தாங்க, அதுல பல இந்தப் புழுதான்னு எடுத்துக் காட்டுனதுல வேலூர் சிஎம்சி டாக்டருங்களுக்குப் பெரிய பங்கு. இப்பவும் ரெண்டையும் பிரிச்சுப் பாத்துதான் மருந்து.

முக்கியமா, பூச்சி மாத்திரைதானேன்னு மெடிக்கல்ல நீங்களா அல்பெண்டசோல் வாங்கி நாள் கணக்குல போடாதீங்க. மூளைக்குள்ள புழு சாகும்போது சுத்தி வீக்கம் வரும், அதுக்கு ஸ்டீராய்டு கூடவே வேணும், கண்ணுக்குள்ள கட்டி இருந்தா பார்வையே போகலாம், அதனால மொதல்ல கண்ணையும் பாப்பாங்க.

ஆட்டுக்கறியால வருமா? எங்க வீட்டுல வாரத்துல மூணு நாள் கறிதான்

ஆட்டுக்கறி தின்னு மூளையில கட்டி வராது, சுக்கா வறுவல விட வேணாம். ஹைடாட்டிட்னு ஒரு கட்டி இருக்கு, அது நாய்க் கொடல்ல இருக்குற புழுவோட முட்டையால. அறுக்குற எடத்துல ஆட்டுக் கழிவ நாய் திங்கும், அந்த நாயோட மலத்துல வர்ற முட்டை கை வழியா நம்ம வாய்க்குப் போகும். பெரும்பாலும் ஈரல்லயும் நுரையீரல்லயும் வரும், மூளையில ரொம்ப அபூர்வம், வந்தாலும் பிள்ளைங்களுக்குத்தான் அதிகம். பெரிய உருண்டையா இருக்கும், ஒடைக்காம எடுக்கணும், ஒடஞ்சா உள்ள இருக்குறது செதறி மறுபடி மொளைக்கும். அதனால சர்ஜன் கட்டிக்குப் பின்னாடி உப்புத்தண்ணியப் பீச்சி அத மெதக்க வெச்சு முழுசா வெளிய தள்ளுவாரு.

அப்பத்தாவுக்கு மறதி, கோவம், ஸ்கேன்ல கட்டியும் இருக்கு. கட்டிய எடுத்தா சரியாயிருமா?

அவசரப்படாதீங்க. மூணாவது அறையில இருக்குற கட்டி ஞாபகத்துக்கான நரம்புக்கத்தைய அழுத்துனா மறதி வரும், உண்மை. தண்ணி தேங்குனா மறதியோட நடையும் தரையில ஒட்டுன மாதிரி ஆகும், ஒண்ணுக்கு அடக்க முடியாது. இது ரெண்டும் இல்லாம ஓரத்துல சும்மா கெடக்குற கட்டின்னா அது பொறந்ததுலேர்ந்தே அங்கதான் இருந்திருக்கும், மறதி வயசால வந்திருக்கும், தைராய்டு, பி12, சோடியம் எல்லாம் பாத்துட்டு வாங்க. எண்பது வயசுல தலையத் தொறக்குறதுக்கு அழுத்தமான காரணம் வேணும்.

மருந்துல, லேகியத்துல கரையுமா?

பொறவிக் கட்டி எதுவும் மருந்துல கரையாது. கரைஞ்சுச்சுன்னு ஒருத்தர் ரெண்டு ஸ்கேன் காட்டுனா, அது பெரும்பாலும் புழுக்கட்டியா இருந்து தானா சுருங்கியிருக்கும், இல்ல ரெண்டு படமும் வேற வேற ஆளோடதா இருக்கும்.

சிங்கப்பூருக்கு ஃப்ளைட்ல போகலாமா?

தொந்தரவில்லாத கட்டிக்கு ஃப்ளைட்டால ஒண்ணும் இல்ல. மூளை ஆபரேஷன் முடிஞ்ச புதுசுலன்னா உள்ள காத்து தங்கியிருக்கும், சர்ஜன் சரின்னு சொன்ன பெறகுதான் டிக்கெட்.

எம்ஆர்ஐக்குத் தாலியக் கழட்டியே ஆகணுமா?

ஆமாத்தா. தங்கத்த காந்தம் இழுக்காது, ஆனா சூடாகலாம், படத்தையும் கெடுக்கும். அதவிட எனக்குப் பயம் தாலிச் செயின்ல கோத்து வெச்சிருக்கீங்களே அந்த ஊக்கு, அது இரும்பு, உள்ள வந்தா சர்ருன்னு பறக்கும், கண்ணு பக்கத்துல போனா யோசிச்சுப் பாருங்க. மஞ்சக்கயித்துல ஒரு மஞ்சள் கெழங்கக் கட்டிக்கிட்டு வந்துருங்க, நெறையப் பேர் அப்படித்தான் வர்றாங்க. தலைல கிளிப், மூளைத்தண்ணி வடிய வெச்ச ஷன்ட் ட்யூப், பேஸ்மேக்கர் எது இருந்தாலும் கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிருங்க. சில ஷன்ட்ல காந்தத்தால அளவு மாறுற வால்வு இருக்கும், ஸ்கேனுக்குப் பெறகு அத சரி பாக்கணும்.

செலவுக்கு என்ன வழி?

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா குடும்பத்துக்கு வருசம் 5 லட்சம் வரைக்கும் இருக்கு, வருசாந்திர வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும், அட்டை இல்லன்னா சிவகங்கை கலெக்டர் ஆபீஸ்ல எடுக்கலாம். அரசாங்க ஆஸ்பத்திரின்னா மதுரை ராஜாஜியில நியூரோ சர்ஜரி இருக்கு. ஸ்கேன மறுபடி எடுக்கச் சொன்னா ஏன்னு கேளுங்க, காரணம் சொல்வாங்க.

ஸ்கேன் படத்த எத்தனை வருசம் வெச்சிருக்கணும்?

கட்டி இருக்குற வரைக்கும். அடுத்த ஸ்கேன்ல வளந்துருக்கா இல்லையான்னு சொல்றதுக்கு பழைய படம் ஒண்ணுதான் சாட்சி, ரிப்போர்ட் பேப்பர் மட்டும் போதாது, அளவெடுத்த எடம் மாறுனாலே ரெண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துரும். டிஸ்க் குடுத்தா வாங்கி பென்டிரைவ்ல ஒரு காப்பி போட்டு வைங்க. ஃபிலிம் இப்ப வர்றதெல்லாம் சூட்டுல பதியுற ஃபிலிம், வண்டி டிக்கியிலயோ ஓட்டுக்கூரைக்கு அடியில மாடியிலயோ சித்திரை வெயில்ல வெச்சீங்கன்னா முழுசா கறுத்துப் போயிரும், பீரோவுல சேலைக்கு நடுவுல வைங்க, மடக்காம.